ஜிப்சம் சுவர் மூலையில் விரிசல், உப்பல், துரு: எதைப் பார்த்தால் எங்கிருந்து தொடங்குவது

பெங்களூரில் ஜிப்சம் போர்டு பார்ட்டிஷன் (தகரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை மாட்டிய தடுப்புச் சுவர்) போட்ட வீடுகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். சுவரும் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அடியில் ஒரு வரி: "அண்ணா, மறுபடியும் வந்துடுச்சு."

இந்த "மறுபடியும்"தான் முக்கியம். ஏற்கெனவே யாரோ வந்து பட்டி வைத்து, பெயிண்ட் அடித்து, காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார் என்று அர்த்தம். செங்கல் சுவரில் விரிசல் வந்தால் எப்படி அடைப்பாரோ அப்படியே இதையும் அடைத்திருப்பார். ஜிப்சம் மூலையில் அது நிற்காது. அங்கே இரண்டு பலகைகளைச் சேர்த்துப் பிடிப்பது மூலையில் ஒட்டும் பேப்பர் டேப்தான். மேலே பூசுவது எல்லாம் டேப்பை ஒட்டவும் மறைக்கவும் மட்டுமே. டேப் இல்லாத மூலையில் எவ்வளவு விலையுயர்ந்த பட்டி வைத்தாலும் அடுத்த கோடைக்குள் கோடு திரும்பி வரும்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

## பூசுவதற்கு முன் ஒரு சோதனை

மூலையிலிருந்து நாலு விரற்கடை தள்ளி உள்ளங்கையை வைத்து நன்றாக அமுக்குங்கள். இன்னொருவர் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து விரிசலைப் பார்க்கட்டும். கோடு விரிந்து மூடுகிறதா, இல்லை அப்படியே இருக்கிறதா? மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் பாருங்கள். அப்புறம் அடுத்த பலகையிலும் அதையே செய்யுங்கள். இந்தப் பதிலை வைத்துத்தான் கீழே எந்தக் கிளையில் போவது என்று முடிவாகும்.

இன்னொன்று. பார்ட்டிஷனுக்குள் வயர் போகும். பிளேடால் மேலாகச் சுரண்டுவதற்குப் பயமில்லை. பலகையை வெட்டுவதாக இருந்தால், புது ஸ்க்ரூ போடுவதாக இருந்தால், அந்த அறைக்கு மின்சாரத்தை நிறுத்தும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டுத் தொடுங்கள்.

## உள்மூலையில் நெடுக விரிசல்

### அமுக்கினால் அசையவில்லை, கோடு தலைமுடி அளவுதான்

இதுதான் எளியது. பெயிண்டும் அதன் அடியில் இருக்கும் மெல்லிய பூச்சும் காய்ந்து சுருங்கியிருக்கும். புது வீட்டில் முதல் வருடம் இது சகஜம். பிளேடின் முனையால் கோட்டை லேசாகக் கீறுங்கள். உள்ளே பேப்பர் டேப் முழுதாக, ஒட்டியபடி தெரிந்தால் கவலை இல்லை. மேலே பெயிண்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்டை மெல்லிய கோடாக விட்டு, ஈர விரலால் இழுத்து, காய்ந்ததும் பெயிண்ட் அடித்துவிடலாம். சிலிக்கான் வேண்டாம். அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது. குளியலறைக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது என்று அதை இங்கே விட்டுவிட்டு, பிறகு பிளேடால் பிய்க்க முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

### கீறிப் பார்த்தால் டேப்பே இல்லை

பெல்லந்தூரில் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பத்தின் வீடு. படிக்கும் அறைக்காக ஹாலைத் தடுத்துப் போட்ட பார்ட்டிஷன். "மூணு தடவை காசு கொடுத்தாச்சுங்க" என்றார் அந்த அம்மா. நான் பிளேடை வைத்து ஒரு இழு இழுத்தேன். இரண்டு அங்குல அகலத்துக்குப் பட்டி அப்படியே பட்டையாகக் கழன்று கையில் வந்தது. அதன் ஓரத்தைப் பார்த்தால் வெள்ளை, அதன் மேல் சந்தன நிறம், மறுபடி வெள்ளை, மறுபடி சந்தனம் என்று அடுக்கு அடுக்காக மூன்று முறை செய்த வேலையும் தெரிந்தது. அடியில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே சுண்டுவிரல் நகம் நுழையும் இடைவெளி. டேப் ஒரு அங்குலம்கூட இல்லை. வைத்திருந்தது சிமெண்ட் சுவருக்குப் பூசும் வெள்ளை சிமெண்ட் பட்டி. அது கல் மாதிரி இறுகும், வளையாது. கதவை ஓங்கிச் சாத்தினாலே பார்ட்டிஷன் அதிரும். அந்த அதிர்வுக்கு அது உடையத்தான் செய்யும்.

இதற்கு வேண்டியது ஜிப்சம் போர்டுக்கென்றே விற்கும் ஜாயின்டிங் காம்பவுண்ட், நடுவில் மடிப்புக் கோடு உள்ள இரண்டு அங்குலப் பேப்பர் டேப், நாலு அங்குலமும் ஆறு அங்குலமுமாக இரண்டு பட்டி பிளேடு. ஹார்டுவேர் கடையில் வெறுமனே "காம்பவுண்ட்" என்று கேட்டால் குழம்புவார்கள், முழுப் பெயரையும் சொல்லிவிடுங்கள். கட்டம் கட்டமாக வலை போலிருக்கும் ஒட்டு டேப்பைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், ஒட்டச் சுலபம் என்பார். தட்டையான இணைப்புக்கு அது பரவாயில்லை. உள்மூலைக்கு நான் வாங்கமாட்டேன். அதை மூலைக்குள் கூர்மையாக மடிக்க முடியாது, பட்டி பிளேடு போகும்போதே நூல் அறுந்துவிடும்.

முதலில் இருபுறமும் மூன்று அங்குலத்துக்குப் பழைய பட்டியைச் சுரண்டி எடுங்கள். பலகையின் மேல்தாள் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிழிந்த தாளைப் பிளேடால் வெட்டி ஓரத்தைச் சமமாக்குங்கள். பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அதை மட்டும் காம்பவுண்டால் அடைத்து இறுகவிடுங்கள்.

அப்புறம் கெட்டித் தயிர் பதத்தில் கலக்கிய காம்பவுண்டை மூலையின் இருபுறமும் மெல்லியதாகப் பூசி, டேப்பை நடுக்கோட்டில் மடித்து, ஒரு முறை தண்ணீரில் முக்கி உதறி, மூலைக்குள் வைத்து அழுத்துங்கள். நாலு அங்குலப் பிளேடைச் சாய்த்துப் பிடித்து நடு உயரத்திலிருந்து மேலே ஒரு இழு, கீழே ஒரு இழு. ஓரத்தில் காம்பவுண்ட் பிதுங்கி வர வேண்டும். ஆனால் டேப்புக்கு அடியில் எதுவுமே மிஞ்சாத அளவுக்கு அழுத்தி இழுத்தால் அது காய்ந்ததும் உப்பும்.

பொறுமை வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான். டேப் காய்ந்ததும் மேல்பூச்சை ஒரு பக்கத்துக்கு மட்டும் போடுங்கள். மறுபக்கம் நாளைக்கு. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால், இந்தப் பக்கம் இழுக்கும் பிளேடின் முனை அந்தப் பக்கத்து ஈரப் பூச்சைக் கீறும். அதைச் சரிசெய்யப் போனால் இது கெடும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு மூலையோடு இப்படி அரை நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

### அமுக்கினால் கோடு விரிந்து மூடுகிறது

பலகை பிடிப்பில்லாமல் இருக்கிறது. ஸ்க்ரூ குறைவாக இருக்கலாம், இது மலிவான காரணம். சின்ன காந்தத்தைச் சுவரில் மேலிருந்து கீழே ஓட்டுங்கள், ஸ்க்ரூத் தலை இருக்கும் இடத்தில் பிடிக்கும். எட்டு அங்குலத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். ஒன்றரை அடி, இரண்டு அடிக்கு ஒன்று என்று இருந்தால், நடுவில் புதிதாக 25 மில்லிமீட்டர் டிரைவால் ஸ்க்ரூ போடுங்கள். பலகை விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். தலை தாளைக் கிழிக்காமல் சற்றே உள்ளடங்கினால் போதும்.

புது ஸ்க்ரூ பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் அந்த இடத்தில் பின்னால் ஜிஐ ஸ்டட், அதாவது பலகையைத் தாங்கும் நெடுக்குத் தகரச் சட்டம், இல்லை. மூலையில் சேரும் இரண்டு பலகைகளுக்கும் தனித்தனியே பிடிமானம் வேண்டும். ஒரு ஸ்டட்டை மிச்சம் பிடிக்க ஒரு பலகையை அந்தரத்தில் விட்டிருப்பார்கள். இது வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை. பலகையைத் திறந்து ஸ்டட் சேர்க்கும் பார்ட்டிஷன் ஆளைக் கூப்பிடுங்கள். பெயிண்டரைக் கூப்பிட்டால் நாலாவது அடுக்கு வைப்பார்.

### ஒரு பக்கம் ஜிப்சம், மறுபக்கம் சிமெண்ட் சுவர் அல்லது மேல்தளம்

இங்கே விரிசல் வருவது வேலையின் குற்றம் இல்லை. கான்கிரீட் ஒரு விதமாக அசையும், தகரச் சட்டத்தில் மாட்டிய பலகை வேறு விதமாக அசையும். இரண்டையும் டேப் போட்டு இறுக்கிக் கட்டினால் டேப்பே கிழியும். பழைய பட்டியை எடுத்துவிட்டு நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளியை நேராக வெட்டி, அக்ரிலிக் சீலன்டால் நிரப்புங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், சரி என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

மேல்தளத்தை ஒட்டி விரிசலோடு பலகையும் வெளியே புடைத்துக்கொண்டு வந்தால் கதை வேறு. மேல்தளம் இறங்கும் சிறு அளவுக்குக்கூட இடம் விடாமல் பலகையை முட்டக்கொடுத்துப் பொருத்தியிருப்பார்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் பார்ட்டிஷன் ஆள். அதே வரிசையில் கான்கிரீட் சுவரிலோ பீமிலோ விரிசல் தெரிந்தால் மாதம் எல்லாம் பொறுக்க வேண்டாம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் பார்க்கட்டும்.

## டேப் உப்பியிருக்கிறது அல்லது உரிந்து வருகிறது

விரல் நகத்தால் தட்டினால் டேப் ஒட்டாத இடத்தில் ஓட்டைப் பானைச் சத்தம் வரும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் குறியுங்கள்.

ஒரு சாண் நீளத்துக்குள் என்றால் அடியில் காம்பவுண்ட் போதாமல் போயிருக்கிறது. குறித்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, புது டேப் துண்டு ஒட்டி, இரண்டு பூச்சுப் போடலாம். நீரில் கரைத்த பசையைச் சிரிஞ்சில் ஏற்றி உள்ளே செலுத்தும் வித்தையும் உண்டு. நான் இரண்டு முறை செய்து பார்த்து விட்டுவிட்டேன்.

மூலை முழுக்க உரிந்தால் தூசியின் மேல் ஒட்டியிருக்கிறார்கள், அல்லது இறுகத் தொடங்கிய காம்பவுண்டில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்கியிருக்கிறார்கள். இரண்டாவது இங்கே நிறைய நடக்கும். பவுடராக வரும் காம்பவுண்ட் கலக்கிய பிறகு குறிப்பிட்ட நேரத்தில் இறுகும், அந்த நேரம் மூட்டையிலேயே போட்டிருக்கும். கழுவாத பக்கெட்டில் கலக்கினால் அதற்கும் முன்னதாகவே இறுகும், ஏனென்றால் பழைய ஜிப்சம் துணுக்கு ஒவ்வொன்றும் புதியதை உறைய வைக்கும் உறைமோர் மாதிரி. இறுகுவதைப் பார்த்ததும் ஆள் தண்ணீர் ஊற்றுவார். அதோடு அதன் பிடிப்பு போயிற்று. முழு நீளத்தையும் எடுத்துவிட்டு, சுத்தமான பக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கித் திரும்ப ஒட்டுங்கள்.

உப்பிய இடம் தொட்டால் சில்லென்று இருந்தால் அது ஓதம், கீழே "மூலையின் அடிப்பகுதி மெத்தென்று இருக்கிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

## வெளிமூலையில் விளிம்பின் இருபுறமும் கோடு

வெளிமூலைக்குள் தகரத்தில் எல் வடிவக் கார்னர் பீட் இருக்கும். விளிம்பிலிருந்து ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம் தள்ளி நேர்கோடாக விரிசல் ஓடினால் அது பீட்டின் இறக்கை முடியும் இடம்.

விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுங்கள். ஆடவில்லை என்றால் மேல்பூச்சு மட்டும் விட்டிருக்கிறது. சுரண்டி, இறக்கையின் ஓரத்தைத் தாண்டி அகலமாக இரண்டு மெல்லிய பூச்சுப் போடுங்கள். ஒரே தடவையில் கனமாக அப்பினால் சுருங்கி அதே இடத்தில் திரும்ப விரியும்.

ஆடினால், "டக் டக்" என்று சத்தம் வந்தால், பீட்டின் பிடி கழன்றிருக்கிறது. வீடு மாற்றும்போது ஃப்ரிட்ஜ் இடித்ததோ, குழந்தை சைக்கிளை மோதியதோ, காரணம் அந்த வீட்டாருக்கே தெரிந்திருக்கும், கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பூச்சைத் தட்டி எடுத்து, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக இருபுறமும் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். மட்டப்பலகையை விளிம்பில் வைத்துப் பார்த்து, புடைத்திருந்தால் சுத்தியலால் மெல்லத் தட்டி உள்ளே அனுப்புங்கள்.

ஓர் அடிக்குள் நசுங்கியிருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைக்கலாம். ஆக்சா பிளேடால் மேலும் கீழும் வெட்டி, தகடு வெட்டும் கத்தரியால் புதுத் துண்டை அளவாக நறுக்கிப் பொருத்த வேண்டும், இரண்டு முனைகளும் பழைய பீட்டோடு சமமாக நிற்க வேண்டும். கையில் இந்த வேலைப் பழக்கம் இல்லாதவர்கள் இங்கேயே ஆளைக் கூப்பிட்டுவிடலாம். நடக்கும் வழியில் நிற்கும் மூலை, விளிம்பு கோணினால் தினமும் கண்ணில் படும்.

## வெள்ளைச் சுவரில் மூலையோரம் பழுப்புக் கோடு

துரு. பீட்டின் தகரத்தில் எங்கோ மேல்முலாம் உரசிப் போயிருக்கிறது, ஈரப் பூச்சு பட்டதும் துருப்பிடித்திருக்கிறது. மேலே எத்தனை கோட் எமல்ஷன் அடித்தாலும் அது ஊடுருவி வெளியே வரும். பூச்சைத் தகரம் தெரியும்வரை சுரண்டுங்கள். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுங்கள், துணியால் துடையுங்கள், உலோகத்துக்கு அடிக்கும் ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்து முழுதாகக் காயவிடுங்கள். பிறகுதான் காம்பவுண்ட், சுவர் பிரைமர், பெயிண்ட்.

தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் மட்டும் துரு இருந்தால், ஆறே மாதத்தில் திரும்பி வந்தால், தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

## மூலையின் அடிப்பகுதி மெத்தென்று இருக்கிறது, கரும்புள்ளி, வாசனை

இதில் மட்டும் பட்டி பிளேடைக் கீழே வைத்துவிடுங்கள். ஓதம் ஏறிய பலகையின் மேல் எது பூசினாலும் வீண்.

ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெல்லக் குத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மேலோட்டமான ஈரம். உள்ளே இறங்கினால் பலகை ஊறிவிட்டது, அந்தப் பகுதியை வெட்டி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கிருந்து வருகிறது என்பதற்கு எளிய காரணம் முதலில்: வீடு துடைக்கும் தண்ணீர். பலகை தரையைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். பல வீடுகளில் அதைத் தரையிலேயே ஊன்றி, சுவரடியில் ஒட்டும் ஸ்கர்டிங் பட்டையால் மறைத்துவிடுகிறார்கள். மாப்பை நன்றாகப் பிழிந்து துடைக்கச் சொல்லிப் பத்து நாள் பாருங்கள். குறையவில்லையா, எப்போது கூடுகிறது என்று கவனியுங்கள். மழை பெய்த மறுநாள் கூடினால் ஜன்னல் ஓரமோ வெளிச்சுவரோ. இங்கே ஜூனில் தொடங்கும் மழை அக்டோபர், நவம்பர் வரை விட்டு விட்டுப் பெய்வதால் இந்தக் கணக்கைப் போடுவது எளிது. மழையில்லாத நாளிலும் ஈரமாகவே இருந்தால் குளியலறை அல்லது குழாய். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வாட்டர் மீட்டர் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் உள்ளே கசிகிறது.

இனி ஆட்களை வரிசையாகத்தான் கூப்பிட வேண்டும்: முதலில் பிளம்பர், அவர் முடித்துச் சுவர் காய்ந்த பிறகு பார்ட்டிஷன் ஆள், கடைசியில் பெயிண்டர். குளியலறைப் பக்கம் மாற்றும்போது ஈரம் தாங்கும் பச்சை நிறப் பலகையைக் கேட்டு வாங்குங்கள். அது ஈரத்தைத் தாங்கும், கசிவைத் தாங்காது. ஈரமான மூலைக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் பாக்ஸ் இருந்தால் எம்சிபியை இறக்கி, பிளம்பருக்கும் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## விரிசல் இல்லை, ஆனால் மூலை அலை அலையாகத் தெரிகிறது

பகலில் நன்றாக இருக்கும். ராத்திரி ஓர விளக்கைப் போட்டதும் மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து வரும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, மேட்டையும் பள்ளத்தையும் வேறு வேறு குறியால் பென்சிலில் குறியுங்கள். மேட்டை 150 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். பள்ளத்தை அகலப் பிளேடால் நிரப்புங்கள். மேட்டைத் தேய்க்கச் சோம்பல்பட்டுச் சுற்றிலும் பூசி நிரவப் பார்த்தால் மூலையே தடித்துவிடும். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், அறைக் கதவை மூடி இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். அந்தத் தூசி சமையலறை டப்பா மூடி வரை போகும்.

மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் மூலையே சதுரமாக இல்லை என்றால் பட்டியால் திருத்த முயலாதீர்கள். சட்டமே கோணல். அங்கே வார்ட்ரோப் வரப்போகிறது என்றால் தச்சரிடம் சொன்னால் பட்டை வைத்துச் சமாளிப்பார். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

## ஊசித்துளை, திட்டுத்திட்டாகப் பளபளப்பு

துளை என்றால் டிரில்லில் வேகமாகக் கலக்கியதில் நுழைந்த காற்று. இன்னொரு மெல்லிய பூச்சை இறுக்கி இழுத்தால் மூடிவிடும். பளபளப்பு வித்தியாசம் என்றால் பிரைமரைத் தாண்டி நேராகப் பெயிண்டுக்குப் போயிருக்கிறார்கள். பிரைமர் அடித்து மறுபடி பெயிண்ட்.

## வேலை நடக்கும்போதே நீங்கள் பார்க்க வேண்டியது

புது வீட்டு மூலைகள் கெடுவதற்கு நான் பார்த்த வரையில் பெரிய காரணம் பஞ்சாங்கம். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம், புதன்கிழமை மூலைக்குப் பூச்சு. கலந்தே டப்பாவில் வரும் ரெடிமிக்ஸ் காம்பவுண்ட் ஒரு கோட் காய வழக்கமாக ஒரு நாள் ஆகும், மழை மாதத்தில் அதற்கும் மேல். காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையை வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். அடுத்த பூச்சைத் தள்ளிப்போடுங்கள்.

டேப் ஒட்டும் நாளில் சைட்டில் இருங்கள். பூச்சு மூடிய பிறகு யாராலும் சொல்ல முடியாது. டேப் போட்டீர்களா என்று கேளுங்கள்: ஆள் கன்னடக்காரர் என்றால் "டேப் ஹாகிதீரா?", இந்திக்காரர் என்றால் "டேப் லகாயா க்யா?" ஆமாம் என்று தலையாட்டினால் போதாது, எந்த மூலை என்று காட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து எனக்கோ வேறு யாருக்கோ போன் செய்யும்போது, விரிசல் படத்தோடு அதையும் சேர்த்து அனுப்பினால் பாதி நேரம் நேரில் வராமலே காரணத்தைச் சொல்லிவிடலாம்.